சிடி ஓடவில்லையா? மலை வீடுகளில் கல்வி டிஸ்க்குகளுக்கு வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

குன்னூர், கோத்தகிரி வீடுகளிலும் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன்களிலும் அலமாரியைத் திறந்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு சிடிக்கள் கிடைக்கும். அரிச்சுவடி, வாய்ப்பாடு, திருக்குறள், ஆங்கில உச்சரிப்பு, அறிவியல் அனிமேஷன். மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் ஊர்களில் இவை இன்றைக்கும் உதவும் பொருள்தான். ஆனால் ஒருநாள் ஓடவில்லை என்றதும் டிஸ்க்கைத் தூக்கி எறிவதோ, பிளேயரைக் கட்டிக் கீழே மேட்டுப்பாளையத்துக்கு ரிப்பேருக்கு அனுப்புவதோ அவசரப்பட்ட வேலை. கோளாறு ஈரத்தாலா, கீறலாலா, ஒயராலா, கணினியாலா என்று முதலில் பிரிக்க வேண்டும். பாதிக்கு மேல் வீட்டிலேயே தீரும்.

எதையும் தொடும் முன்: இரண்டு நல்ல டிஸ்க்

கடையில் வாங்கிய, கீறலில்லாத சிடி அல்லது விசிடி (வீடியோ சிடி) ஒன்று. அதேபோல டிவிடி ஒன்று. வீட்டில் கணினியில் எழுதியவை இதற்கு ஆகாது. இந்த இரண்டையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியாக வைத்துவிடுங்கள். கோளாறு வரும்போது இவற்றைப் போட்டுப் பார்த்தால் வழி தெரிந்துவிடும்.

இரண்டும் ஓடினால் பிளேயரில் குற்றமில்லை, உங்கள் பாட டிஸ்க்கைப் பாருங்கள். இரண்டுமே ஓடாவிட்டால் லென்ஸ், ஈரம், அல்லது மோட்டார். ஒன்று ஓடி ஒன்று ஓடாவிட்டால் லென்ஸ் அழுக்கையோ லேசரையோ சந்தேகிக்க வேண்டும். சிடியைப் படிப்பது கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் ஒரே தலையில் இருந்தாலும் ஒன்று மட்டும் தனியாகச் சாகும்.

காலையில் 'நோ டிஸ்க்', மத்தியானம் தானாக ஓடுகிறது

இது பனி. பிளேயர் பழுதாகவில்லை.

ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த பிளேயரின் லென்ஸும் அந்த நேரத்து வீட்டுச் சில்லிப்பில்தான் இருக்கும். காலையில் அடுப்பு எரிந்து, வெந்நீர் கொதித்து, வெதுவெதுப்பான ஈரக்காற்று அறைக்குள் பரவும்போது லென்ஸ் மேல் நுண்ணிய நீர்த்துளி படியும். லேசர் அதில் சிதறும். உள்ளே லென்ஸ் மேலும் கீழும் நாலைந்து முறை ஏறி இறங்கிக் குவியம் தேடும், கிடைக்காது, 'நோ டிஸ்க்' என்று காட்டிவிடும். காதைப் பக்கத்தில் வைத்தால் 'டிக்... டிக்' என்று அந்தத் தேடல் கேட்கும்.

செய்ய வேண்டியது: டிஸ்க்கை வெளியே எடுங்கள். பிளேயரை ஆன் செய்து, தட்டை மூடி, சும்மா 1 முதல் 2 மணி நேரம் விடுங்கள். உள்ளே உண்டாகும் சூட்டில் ஈரம் போய்விடும். டிஸ்க்கிலும் மங்கல் படிந்திருந்தால் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள். ஹேர் டிரையரைத் தட்டுக்குள் காட்டுவது, பிளேயரைக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பது இரண்டும் வேண்டாம். கணப்பின் புகையும் சாம்பலும் லென்ஸில் படிந்தால் பிறகு துடைத்தால்தான் போகும். பிளேயரை உலர்த்தக் கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டுவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

தினமும் இது நடந்தால் வைத்த இடம் தவறு. மழை அடிக்கும் பக்கத்து வெளிச்சுவர், ஓதம் ஏறிய சுவர், ஜன்னல் விளிம்பு, சமையலறை வாசலுக்கு நேர் எதிர் ஆகியவை ஆகாது. உட்சுவரை ஒட்டி, பின்னால் நாலு விரல் இடைவெளி விட்டு, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் ஸ்டாண்ட்பையில் விட்டு வைத்தால் உள்ளே ஒரு சொட்டுச் சூடு இருந்துகொண்டே இருக்கும், அது நல்லது. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் இடி இறங்கும் சாயங்காலங்களில் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

இதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஊட்டியிலிருந்து கிளம்பி, பிளேயரைப் பஸ்ஸில் கீழே கொண்டுபோய், கடையில் இறங்கியதும் மூடியைத் திறந்து போட்டுப் பார்த்தால் ஓடாது. குளிர்ந்த பொருள் கீழ்நாட்டு வெப்பத்துக்குப் போனதும் வியர்த்துவிடும். கடைக்காரர் 'லென்ஸ் மாத்தணும்' என்பார். ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே நன்றாக ஓடி, மேலே வந்து இரண்டு நாளில் மறுபடி நின்றால் அதுவும் ஈரம்தான், ரிப்பேர்காரர் மேல் பழி போட வேண்டாம்.

சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை (பனி நேரமும் இல்லை)

லென்ஸ் அழுக்கு முதலில் டிவிடியைத்தான் அடிக்கும். சிடியில் தடத்துக்குத் தடம் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74 தான். சிடி மன்னிக்கும் தூசியை டிவிடி மன்னிக்காது.

பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் டிஸ்க் லேசான தூசிக்குப் போதும். அடுப்புப் புகை, ஊதுபத்தி, பூஞ்சை படிந்திருந்தால் மூடியைத் திறந்து துடைக்க வேண்டும். வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள். இல்லையென்றால்:

1. பிளக்கை முழுதாகப் பிடுங்கி 10 நிமிடம் விடுங்கள். பவர் போர்டில் இருக்கும் பெரிய கண்டென்சர் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கும். அந்தப் பக்கம் கையே போகக் கூடாது.

2. நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரால் பின்னாலும் பக்கத்திலும் உள்ள ஸ்க்ரூக்களை எடுத்து மூடியைப் பின்னோக்கி நகர்த்தித் தூக்குங்கள். ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

3. டிஸ்க்கை அழுத்தும் காந்தப் பாலத்துக்கு அடியில், பச்சைப்பயறு அளவில், லேசான நீலச் சாயலோடு பளபளக்கும் குமிழ்தான் லென்ஸ். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக இருந்தால் புகை. வேர் விட்டது போல மெல்லிய இழைகள் கிளைத்திருந்தால் பூஞ்சை.

4. காதுப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, அதையும் துணியில் ஒற்றி, ஈரப்பதமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் நாலு மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் வளைந்து போகும். குச்சியின் கனம் மட்டும் பட, நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடையுங்கள். பிறகு உலர்ந்த குச்சியால் ஒருமுறை.

5. ஐந்து நிமிடம் ஆறவிட்டு மூடியை மாட்டியபிறகே கரண்ட் கொடுங்கள். திறந்து வைத்து ஆன் செய்து லென்ஸை எட்டிப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. சிடி லேசர் எரிகிறதா என்று கண்ணால் தெரியவும் செய்யாது.

ஐசோபுரோபைல் மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும். அதற்குப் பதிலாக ஹேண்ட் சானிடைசர் கூடாது, அதிலுள்ள கிளிசரின் படலமாக நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக் லென்ஸை வெள்ளையாக்கிவிடும். நம் ஊரில் எதற்கும் கைவைத்தியமான நீலகிரித் தைலமும் வேண்டாம். பூஞ்சைக்கு நல்லது என்று டிஸ்க்கிலும் லென்ஸிலும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ப் படலம் மிஞ்சும், லேபிள் மையும் கரையும். தைலத்தை ஜலதோஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துடைத்தும் பலனில்லை என்றால் அந்த லேசர் பலமிழந்துவிட்டது. தலையில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருகி லேசருக்குச் சக்தி ஏற்றலாம் என்று சொல்வார்கள். சில நாள் ஓடும், பிறகு மொத்தமாக எரிந்துவிடும். சாதாரணப் பிளேயருக்குப் புதுத் தலை மாற்றுவதும் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

எப்போதும் ஒரே பாடத்தில் நிற்கிறது, கட்டம் கட்டமாக உடைகிறது

இங்கே குற்றவாளி டிஸ்க். எந்தப் பாடத்தில் நிற்கிறது என்பதே இடத்தைச் சொல்லிவிடும். சிடி, டிவிடி இரண்டும் நடுத்துளைப் பக்கத்திலிருந்து வெளி விளிம்பை நோக்கிப் படிக்கும். முதல் பாடம் சிக்கினால் உள்வட்டத்தைப் பாருங்கள், கடைசிப் பாடம் சிக்கினால் விளிம்பை. பிள்ளைகள் விளிம்பிலிருந்து உள்ளே விரல் விட்டுத் தூக்குவதால் எண்ணெய்க் கைரேகை அங்கேதான் இருக்கும். நிரம்பிய டிஸ்க்கில் கடைசிப் பாடம் முதலில் மக்கர் செய்வது அதனால்தான்.

கழுவுவது எப்படி: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு. விரல் நுனியால் நடுத்துளையிலிருந்து நேராக வெளியே. வட்டமாகத் தேய்க்கவே கூடாது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் ஒரு புள்ளியைத்தான் மறைக்கும். சிடியின் பிழைதிருத்தும் ஏற்பாடு ஒரே தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடும். தடத்தோடு ஓடும் வட்டக் கீறல் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். கழுவியபின் உதறி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, அரை மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். காகித லேபிள் ஒட்டிய டிஸ்க்கைத் தண்ணீரில் முக்காதீர்கள், அதன் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். லேபிள் ஒரு ஓரம் பிரிந்து நின்றால் அந்த டிஸ்க் சமநிலை இழந்து அதிரும், அதற்கு மருந்தில்லை.

நகத்தில் மாட்டாத மெல்லிய கீறலுக்கு வெள்ளைப் பற்பசை உதவும். ஜெல் வகை ஆகாது. உளுந்தளவு எடுத்து ஈரப் பஞ்சால் உள்ளிருந்து வெளியே இரண்டு மூன்று நிமிடம், பிறகு கழுவல். நகம் மாட்டும் கீறலில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெற்றோர் பலரும் பளபளப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துப் பதறுகிறார்கள். சிடிக்கு உயிர் படம் அச்சடித்த பக்கத்தில்தான் இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் கனத்தில் அலுமினியப் பூச்சு மேல்பக்கத்தை ஒட்டி, மெல்லிய வார்னிஷுக்கு அடியில் கிடக்கும். பால்பாயிண்ட் பேனாவால் மேலே 'கணக்கு 3' என்று அழுத்தி எழுதினாலே போச்சு. பல்புக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளைபோல் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்துப் பாடம் திரும்ப வராது. டிவிடியில் பதிவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்தப் பயம் குறைவு.

நடுத்துளையில் விரிசல் விட்ட டிஸ்க்கைக் கணினி டிரைவில் போடாதீர்கள். வேகமான சிடி டிரைவ் நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை சுற்றும். உள்ளே வெடித்துச் சிதறினால் டிரைவும் போகும். இந்த விரிசல் வருவது பெட்டியின் நடுப்பூட்டை அமுக்காமல் விளிம்பைப் பிடித்து இழுப்பதால். பூட்டை அமுக்கி எடுக்கவும், விளிம்பும் துளையும் தவிர வேறெங்கும் தொடாமல் பிடிக்கவும் நாலு வயசுப் பிள்ளைக்கே சொல்லித் தரலாம்.

வெள்ளைப் புள்ளியும் இழையுமாகத் தெரிந்தால் பூஞ்சை. கழுவினால் மேலோட்டமானது போகும். அந்த உறையைத் தூர எறியுங்கள், பூஞ்சையின் வித்து அதில் இருக்கும். விளிம்பு வழியாக உள்ளே புகுந்து பூச்சைத் தின்றிருந்தால் சரிசெய்ய வழியில்லை. மத்திய அமெரிக்க நாடான பெலீஸிலிருந்து வந்த ஒரு சிடியில் இப்படி உள்ளே புகுந்த பூஞ்சையை 2001-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை நம் அலமாரிகளும் சளைத்தவை அல்ல. மூடி இறுக்கமான டப்பாவில், டிஸ்க்குகளை நிமிர்த்தி அடுக்கி, 50 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஆரஞ்சு நிற வகை பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்து நிறம் திரும்பியதும் மறுபடி போடலாம். நீல வகையில் கோபால்ட் உப்பு உண்டு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கணினியில் எழுதிக் கொடுத்தது பிளேயரில் வரவில்லை

எழுதி முடித்தபின் டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' (இனி எழுத முடியாதபடி மூடுவது) செய்யவில்லை. எழுதிய கணினியில் ஓடும், பிளேயரில் ஓடாது. எழுதிய இடத்துக்கே எடுத்துப் போய் 'குளோஸ் டிஸ்க்' கொடுத்தால் தீரும். அப்படியும் வராவிட்டால், திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ வகையா என்று பாருங்கள். சிடி-ஆர்டபிள்யூ ஒளியைத் திருப்பி அனுப்புவது சாதாரணச் சிடியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பழைய பிளேயர்கள் அதை டிஸ்க்காகவே மதிக்காது.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது

மஞ்சள் ஒயர் படம், வெள்ளையும் சிவப்பும் ஒலி. பல டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான். அங்கே மஞ்சளைச் செருகிவிட்டு, டிவியில் 'கம்போனென்ட்' என்று தேர்ந்தால் கறுப்பு வெள்ளை. 'ஏவி' என்று மாற்றுங்கள். துளை சரியாக இருந்தும் அப்படியே இருந்தால் பிளேயர் 'என்டிஎஸ்சி' (NTSC, அமெரிக்க) வண்ண முறையில் அனுப்புகிறது, பழைய டிவி 'பால்' (PAL, இந்திய) வண்ண முறையை மட்டும் எதிர்பார்க்கிறது. ரிமோட்டில் 'பி/என்' பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தால் நிறம் வந்துவிடும்.

இசை கேட்கிறது, ஆசிரியர் குரல் மட்டும் இல்லை

விசித்திரமாகத் தோன்றும், காரணம் எளிது. ஹெட்ஃபோன் அல்லது ஸ்பீக்கர் பின் முழுதாக உள்ளே போகவில்லை. பொதுத் தரை இணைப்பு விட்டுப்போனால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும். பேசும் குரல் இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னை இறுக்கச் செருகினால் குரல் வரும்.

தமிழும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் கலந்து கேட்டால், விசிடியில் இடது பக்கம் ஒரு மொழி, வலது பக்கம் இன்னொன்று பதிந்திருக்கிறது. ரிமோட்டில் 'எல்/ஆர்' அல்லது 'ஆடியோ' பொத்தான். டிவிடியில் ஒலியே இல்லையென்றால் டிடிஎஸ் ஒலித்தடம் தேர்வாகியிருக்கும், அதே 'ஆடியோ' பொத்தானால் டால்பிக்கு மாற்றுங்கள்.

பட்டியல் வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை

விசிடி 'பிபிசி' (PBC, பட்டியலில் எண் அமுக்கிப் பாடம் தேர்வது) முறையில் இருக்கிறது, எண்ணுக்காகக் காத்திருக்கிறது. 1 அமுக்குங்கள். எண் வேலை செய்யாவிட்டால் 'பிபிசி' பொத்தானால் அதை அணைத்துவிட்டு பிளே கொடுங்கள், பாடங்கள் வரிசையாக ஓடும்.

'ராங் ரீஜன்'

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த டிவிடி. எந்த நாடுகளில் ஓட வேண்டும் என்று டிவிடியில் குறித்திருக்கும் எண்தான் ரீஜன். இந்தியாவுக்கு ரீஜன் 5, அமெரிக்காவுக்கு 1, பிரிட்டனுக்கும் வளைகுடாவுக்கும் 2. கணினி டிரைவில் ரீஜனை மொத்தம் 5 தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். ஒரு டிஸ்க்குக்காக மாற்றி மாற்றி விளையாட வேண்டாம்.

யூஎஸ்பி டிவிடி டிரைவ் கடகடக்கிறது, வந்து வந்து மறைகிறது

கரண்ட் பற்றவில்லை. யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. டிஸ்க் சுற்றத் தொடங்கும் கணத்தில் டிரைவ் 1 ஆம்பியர் வரையும் கேட்கும். நீலத் துளையில் (பெரும்பாலும் அதுதான் 3.0) செருகுங்கள், மேசைக் கணினியில் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தில். இரட்டை முனை ஒயர் இருந்தால் இரண்டு முனையையும் செருகுங்கள். பவர் இல்லாத ஹப் வழியாகக் கொடுப்பது வீண். டிவியின் யூஎஸ்பி துளையில் இந்த டிரைவ் பொதுவாக வேலை செய்யாது. டிவி அங்கே எதிர்பார்ப்பது பென்டிரைவை.

பாட்டைப் பென்டிரைவில் போட்டேன், ஓடவில்லை

ஆடியோ சிடியில் தெரியும் 'சிடிஏ' கோப்புகள் ஒவ்வொன்றும் 44 பைட் மட்டுமே. அது வெறும் முகவரி, பாட்டு அதில் இல்லை. விண்டோஸ் மீடியா பிளேயரில் 'ரிப்' கொடுத்து எம்பி3 ஆக எடுங்கள். விசிடியில் பாடம் 'டாட்' கோப்பாக இருக்கும், விஎல்சியில் திறந்து எம்பி4 ஆக மாற்றினால் டிவி ஏற்கும்.

கணினியில் சிடி தெரிகிறது, பாடம் திறக்கவில்லை

முதலில் எளியது: டிஸ்க் போட்டதும் தானாகத் திறக்கும் வசதி புதிய விண்டோஸில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். டிரைவைத் திறந்து 'செட்அப்' அல்லது 'ஸ்டார்ட்' கோப்பை நீங்களே இருமுறை சொடுக்குங்கள். டிவிடிப் படம் என்றால், விண்டோஸ் 8-க்குப் பிறகு டிவிடி ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி போடுங்கள்.

'இந்தக் கணினியில் இயங்காது' என்றால் பெரும்பாலும் 16 பிட் மென்பொருள். 1990-களின் சிடிகள் பலவும் அப்படித்தான், 64 பிட் விண்டோஸில் எந்த அமைப்பை மாற்றினாலும் அவை ஓடா. பரணில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி கிடந்தால் இன்டர்நெட் இணைப்பில்லாமல் பாடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். திறந்து உடனே மூடிக்கொள்ளும் வகை என்றால், கோப்பின் மேல் வலது சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' போய் எக்ஸ்பி, 256 நிறம், 640க்கு 480 மூன்றையும் தேர்ந்து பாருங்கள்.

பிரவுசரில் திறந்து வெற்றுக் கட்டம் காட்டினால் அது ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் முறையில் செய்த பாடம். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் அது தானே இயங்க மறுத்தது. டிஸ்க்கிலேயே இயங்கும் கோப்பாக வைத்திருந்தால் இப்போதும் ஓடும். தனி ஃபிளாஷ் கோப்பு மட்டும் இருந்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். எல்லாம் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ் மட்டும் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் எழுத்துரு ஏறவில்லை. யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பரவும் முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவை ஆங்கிலக் குறியீடுகளின் மேல் பொருத்தியது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரம் வகுத்தும் டிஸ்கி, பாமினி போன்ற வேறு குறியீடுகளும் கூடவே ஓடின. டிஸ்க்கில் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரைத் தேடி, உள்ளே உள்ளவற்றை வலது சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்து, பாடத்தை மூடித் திறங்கள்.

எல்லாம் ஓடுகிறது, பிள்ளை வாயில் பாட்டு, கையில் எழுத்து இல்லை

பாட்டை வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். காது வரிசையைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சோதிக்க: ஒலியை அணைத்து, நடுவில் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தி, 'இது என்ன?' என்று கேளுங்கள். திணறினால் டிஸ்க்கைக் குறைத்து, அன்றைக்கு வந்த நாலு எழுத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் படகமோ (படுகர் மொழி) கன்னடமோ மலையாளமோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் டிஸ்க்கின் வேகம் அதிகம். ஒரு வாக்கியம், ஒரு பாஸ். ல, ள, ழ மூன்றையும் டிஸ்க் சொன்னதும் நீங்கள் சொல்ல, பிறகு பிள்ளை சொல்ல வேண்டும்.

முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் ஓடவிடாதீர்கள். 7 முதல் 10 நிமிடம், பிறகு நிறுத்திக் கையால் ஒரு வேலை. பின்னம் பாடத்தில் கால் பங்கு வந்தால் சப்பாத்தியை நாலாக வெட்டச் சொல்லுங்கள் (ஊட்டி வர்க்கியில் முயல வேண்டாம், கால் பங்கு நூறு பங்காகிவிடும்). மழையளவு பாடம் வந்தால் நேர்ச்சுவர் டப்பா ஒன்றை முற்றத்தில் வைத்து மறுநாள் ஸ்கேலால் அளந்து எழுதட்டும், ஜூலையில் நம் மலையைவிட நல்ல ஆய்வகம் கிடைக்காது.

கேள்விப் பகுதியில் சரி வரும்வரை கண்டபடி சொடுக்குகிறான் என்றால், விடையை முதலில் நோட்டில் எழுதட்டும், மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும். நாலு விடையையும் தட்டிப் பார்க்க விட்டு, எது சரியானாலும் 'சபாஷ்' சொல்லும் டிஸ்க்குகள் கணிதத்துக்கு உதவா.

இரண்டு வயசுக்குக் குறைந்த குழந்தைக்கு டிஸ்க் போட்டுப் பேச்சு வரவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை, அணைக்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (2003) நேரில் ஒருவர் பேசி விளையாடியபோது சீன மொழி ஒலிகளைப் பிடித்துக்கொண்ட ஒன்பது மாதக் குழந்தைகள், அதே ஆட்களை டிவிடியில் பார்த்தபோது எதையும் பிடிக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு: 2 வயசுக்குக் குறைந்தவர்களுக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

டிஸ்க் ஒன்று சொல்கிறது, புத்தகம் வேறொன்று சொல்கிறது

டிஸ்க்குக்கு வயசாகிவிட்டது. தமிழகப் பாடநூல்கள் 2018-19-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் மாறின. அதற்கு முந்தைய டிஸ்க்கில் பாட எண்ணைத் தேடாதீர்கள், தலைப்பைத் தேடுங்கள். ஒளிச்சேர்க்கையும் வாய்ப்பாடும் மாறவில்லை. மாறியவை இவை: ஒன்பது கோள்கள் என்றால் 2006 ஆகஸ்டுக்கு முந்தைய டிஸ்க், புளூட்டோவை நீக்கி எட்டு. மாநிலங்கள் 29 என்றால் 2019 அக்டோபருக்கு முந்தையது, இப்போது 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். தமிழகத்தில் 32 மாவட்டம் என்றால் 38 என்று திருத்துங்கள். கிலோகிராமுக்கு பிளாட்டினம் இரிடியம் உருளைதான் அளவுகோல் என்றால் அது 2019 மே 20-உடன் முடிந்துபோன கதை.

வெளிநாட்டு டிஸ்க்கில் இன்னொரு சிக்கல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கோடைக்காலம் என்று அது சொல்லும்போது, கூடலூர்ப் பிள்ளை ஜன்னல் வழியே அடைமழையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் பாஸ் அமுக்கி, நம் ஊர்க் காலண்டரை எடுத்து மாதங்களை விளக்குங்கள். டாலர், இஞ்ச், 'இசட்' என்பதற்குப் பதில் 'ஜீ' என்று முடியும் ஆங்கில அகரவரிசை எல்லாம் இதே வகை.

திருத்தங்களை ஒரு சீட்டில் எழுதி டிஸ்க் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கும் உதவும். மென்பொருள் சிடி, டிவிடி நல்ல நிலையில் இருக்கும்போதே கணினியில் 'ஐஎஸ்ஓ' நகலாக (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக) எடுத்துவிடுங்கள். சிடி என்றால் 700 எம்பி, டிவிடி என்றால் 4.7 ஜிபி (இரட்டை அடுக்கு டிவிடி என்றால் 8.5 ஜிபி) வரை இடம் பிடிக்கும். விண்டோஸ் 8 முதல் அந்த நகலை இருமுறை சொடுக்கினாலே டிஸ்க் போட்டதுபோல் திறக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட நகலை 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' ஆக ஃபார்மட் செய்துவிட்டுப் போடுங்கள்.